கொள்ளைநோய் வெடிக்கும்போது பல நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பங்கிடுவது யார்? எப்படி?

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் 2016-ல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில், ஒரு இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது அங்கே கண்ணெதிரே நடந்தது. அப்புறம் ஆர்வத்தில் தேடித் தேடிப் படித்தேன்.

நோய் மஞ்சள் காய்ச்சல். 2015 டிசம்பரில் பக்கத்து நாடான அங்கோலாவில், தலைநகர் லுவாண்டாவை ஒட்டிய வியானாவில் தொடங்கியது. நம்மூரில் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் நகரங்களில் இதையும் பரப்புகிறது. நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, அதுவும் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

பங்கிடுவது யார் என்றால், நான்கு அமைப்புகள் சேர்ந்த ஒரு குழு: உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, செஞ்சிலுவை - செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பு. 1997-ல் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்காகத் தொடங்கியது. பிறகு மஞ்சள் காய்ச்சலுக்கும் ஒரு அவசரக் கையிருப்பு வைத்தார்கள். நோய் வந்த நாடு விண்ணப்பம் போட வேண்டும். ஆய்வகத்தில் உறுதியானதா, எந்தப் பகுதி, எத்தனை பேர், குளிர்ப்பெட்டி வசதி உண்டா என்று விவரம் சரியாக இருந்தால் இரண்டு வேலைநாளில் முடிவு சொல்லிவிடுவார்கள். இவ்வளவு வேகமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஆனால் கையிருப்பே 60 லட்சம் டோஸ்தான். லுவாண்டா ஒரு நகரமே அதைக் காலி செய்துவிட்டது. கடைக்குப் போய் வாங்கிவரும் சரக்கும் இல்லை. கருவுற்ற கோழி முட்டையில் வைரஸை வளர்த்துத்தான் இதைத் தயாரிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளர்கள் அப்போது நான்கே பேர்: பிரான்ஸ், பிரேசில், செனகல், ரஷ்யா. தயாரிக்கக் கிட்டத்தட்ட ஓராண்டு பிடிக்கும். அவசரம் என்று சொன்னால் முட்டைக்குப் புரியுமா? ஆகவே மற்ற நாட்டுக் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிக்கு ஒதுக்கியிருந்ததையும் திருப்பிவிட்டார்கள். ஒருங்கிணைப்பு என்று அழகாகச் சொல்கிறோமே, அதில் பாதி, யாரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது என்ற சங்கடமான கணக்குதான்.

இதற்குள் எல்லை தாண்டி நோய் காங்கோவுக்கு வந்துவிட்டது. அங்கோலாவிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகச் சீனாவுக்கும் 11 பேரிடம் போனது. நல்லவேளை, அங்கே பரவவில்லை. கின்ஷாசாவிலோ ஒரு கோடிப் பேருக்கு மேல். செப்டம்பரில் மழை தொடங்கினால் கொசுவைக் கேட்கவே வேண்டாம்.

அப்போதுதான் அந்த முடிவு வந்தது: முழு டோஸ் 0.5 மில்லிக்குப் பதில் 0.1 மில்லி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு போடலாம். குறைந்த அளவும் வேலை செய்யும் என்று பிரேசிலில் ஏற்கெனவே ஆய்வு செய்திருந்தார்கள். 10 பேருக்கான குப்பி 50 பேருக்கு வரும். கணக்கு எழுதுகிறவனுக்கு இது சொர்க்கம்! ஆனால் 0.1 மில்லி அளக்கும் சிரிஞ்சு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. மருந்தைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீந்தது குப்பைக்கு. ஆகஸ்ட் 17-ல் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கின்ஷாசாவில் மட்டும் 70 லட்சம் பேருக்கு மேல் போட்டு முடித்தார்கள். எல்லையோர மாவட்டங்களுக்கு முழு டோஸே போனது.

எங்கள் கம்பெனி டிரைவர் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்தார். "பத்ரோன், உங்களுக்கு எவ்வளவு போட்டார்கள்?" என்று கேட்டார். அங்கே முதலாளி, மேலதிகாரி யாரையும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் நிம்மதியாக முழு 0.5 போட்டு, தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவன். உண்மையைச் சொன்னேன். "அப்படியானால் நாங்கள் ஐந்தில் ஒரு மனிதர்களா?" என்றார். என்ன பதில் சொல்வது? போதுமான பாதுகாப்பு கிடைக்கும் என்றேன். அன்று அது எனக்கே பாதி நம்பிக்கைதான். பிறகு கின்ஷாசாவில் போட்டுக்கொண்டவர்களிடமே ஆய்வு செய்தபோது, முன்பு எதிர்ப்பு சக்தி இல்லாதிருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் அது வந்திருந்தது. 2017 பிப்ரவரி 14-ல் காங்கோவில் நோய் முடிந்ததாக அறிவித்தார்கள்.

என்றாலும் அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு டோஸ் வெளிநாட்டுப் பயணத்துக்குச் செல்லாது. அதற்கு முழு டோஸ் போட்டாக வேண்டும். ஊரில் இருப்பவனுக்கு ஒரு அளவு, விமானம் ஏறுகிறவனுக்கு ஒரு அளவு.

கின்ஷாசாவில் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் முழு டோஸ் கொடுத்தார்கள். டிரைவருக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள். "வீட்டிலேயே அவளுக்குத்தான் பெரிய பங்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.