அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏன் இத்தனை சின்னச் சின்னத் திருச்சபைக் கல்லூரிகள்?

ஒரு கிறிஸ்தவ சபைப் பிரிவு தொடங்கி, பணமும் ஆளும் கொடுத்து நடத்தியதுதான் திருச்சபைக் கல்லூரி. ஒஹையோவில் கென்யன் (1824) எபிஸ்கோபல் சபை தொடங்கியது. டெனிசன் (1831) பாப்டிஸ்டுகள் தொடங்கியது, ஒஹையோ வெஸ்லியன் (1842) மெதடிஸ்டுகள் தொடங்கியது, விட்டன்பர்க் (1845) லுத்தரன்கள் தொடங்கியது.

அன்று ஒஹையோ புதிதாகக் குடியேறிய மண். ஊருக்கு ஊர் போதகர் வேண்டும். ஹார்வர்டும் யேலும் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தன. அங்கே படிக்கப் போன பையன் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்புவானா? சரி, பக்கத்துச் சபையின் கல்லூரிக்கு அனுப்பலாமே என்றால், அதற்கு மனசு வராது. ஒரு பெரிய கோயில் இருந்தாலும் தெருவுக்கொரு பிள்ளையார் கோயில் கட்டி, வீடு வீடாக வரி பிரிப்போமே, அதே கதைதான். தனியார் கல்லூரியின் சாசனத்தில், அதாவது அதைத் தொடங்க அனுமதித்த உரிமைப் பத்திரத்தில், மாநில அரசு இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது என்று டார்ட்மத் என்ற கல்லூரியின் வழக்கில் 1819 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் தைரியம் கொடுத்தது.

பணம்தான் எப்போதும் இழுபறி. 1833 இல் ஒஹையோவில் தொடங்கிய ஓபர்லின் கல்லூரியில் மாணவர்கள் வயலில் வேலை செய்து செலவைக் கழித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கல்லூரி இதுதான்: 1835 இல் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்தது, 1837 இல் பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்தது.

அப்புறம், இவை போதகர்களுக்கு மட்டுமான பள்ளிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, லத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாம் உண்டு. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் 1842 இல் கென்யனில் பட்டம் வாங்கியவர்.