கட்சி மாறிய இளவரசர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலைச்சறுக்கு பற்றிய உங்கள் கட்டுரையில், 1885இல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரையில் மூன்று ஹவாய் இளவரசர்கள் ரெட்வுட் மரப் பலகைகளில் அலையேறியதைச் சொல்லியிருந்தீர்கள். அவர்களில் கடைசித் தம்பியான கூஹியோவைப் பற்றித் தேடிப் படித்ததில் குழம்பிப்போனேன். ராணிக்காகச் சிறைக்குப் போனவர், சில வருடங்களிலேயே குடியரசுக் கட்சியில் சேர்ந்து அமெரிக்க காங்கிரஸுக்குப் போகிறார். இது துரோகம் இல்லையா? குடும்பம் இதை எப்படி எடுத்துக்கொண்டது? வாரிசுகள் உண்டா?

ரா.மு., மதுரை

அன்புள்ள ரா.மு.,

துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எந்த வீட்டில் வளர்ந்தார் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜோனா கூஹியோ கலானியானவோலே 1871 மார்ச் 26 அன்று கவாய் தீவின் கோலோவாவில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். அம்மாவின் அக்கா கபியோலானி, மன்னர் கலாகௌவாவின் மனைவி. அவருக்குக் குழந்தைகள் இல்லை. உறவுக்குள் பிள்ளையைக் கொடுத்து வளர்ப்பது ஹவாய் மக்களின் பழைய வழக்கம். அப்படித்தான் டேவிட், எட்வர்ட், கூஹியோ மூவரும் பெரியம்மாவின் அரண்மனைப் பிள்ளைகளானார்கள். சாண்டா குரூஸில் அலையேறியபோது அவர்கள் கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோவில் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்தில் எட்வர்ட் நோயில் இறந்துபோனார்.

1893இல் வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் சேர்ந்து, கலாகௌவாவுக்குப் பின் ஆண்ட அவர் தங்கை ராணி லிலியுவோகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். அப்போது அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் ஹொனலூலுவில் இறங்கி நின்றார்கள். 1895இல் ராபர்ட் வில்காக்ஸ் தலைமையில் ராணிக்காக ஒரு கலகம் நடந்து தோற்றது. அதில் தொடர்புடையவர் என்று கூஹியோவுக்கு ஒரு வருடச் சிறை. கலகத்தின்போது அவருக்கு 23 வயது. சிறைக்குப் போய் அவரைப் பார்த்துவந்த எலிசபெத் கஹானுவை வெளியே வந்ததும் 1896இல் மணந்துகொண்டார். 1898இல் அமெரிக்கா ஹவாயை இணைத்துக்கொண்டது. பிறகு கணவனும் மனைவியும் ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு 1901இல் ஊர் திரும்பினார்கள்.

உங்களை உறுத்துவது அடுத்த வருடம் நடந்ததுதான். அமெரிக்க காங்கிரஸில் ஹவாயின் பிரதிநிதிக்கான 1902 தேர்தலில் அவர் தோற்கடித்தது யாரை என்றால், அதே வில்காக்ஸை. கூஹியோ முதலில் வில்காக்ஸின் தன்னாட்சிக் கட்சியில்தான் இருந்தார். அங்கிருந்து வெளியேறி, ராணியை இறக்கியவர்களின் கட்சியில் சேர்ந்தார். ஹவாய் மக்களின் ஓட்டைப் பிரிக்க அவர்களுக்கு ஓர் இளவரசர் தேவைப்பட்டார். இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அண்ணன் டேவிட்டோ ஜனநாயகக் கட்சிக்காரர், 1900இல் அக்கட்சியின் வேட்பாளராக வில்காக்ஸிடம் தோற்றவர். ஒரே வீட்டில் இரண்டு கட்சி.

1903 முதல் இறக்கும் வரை கூஹியோ வாஷிங்டனில் ஹவாயின் பிரதிநிதி. பேசலாம், மசோதா கொண்டுவரலாம், ஓட்டு மட்டும் கிடையாது. இத்தனை விட்டுக்கொடுத்து அவர் என்ன வாங்கினார்? நிலம். 1920 கணக்கெடுப்பில் கலப்பில்லாத ஹவாயர்கள் 24,000 பேருக்கும் குறைவு. நிலத்தை இழந்து ஹொனலூலுவின் நெரிசலான குடியிருப்புகளில் ஜனங்கள் நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திரும்ப மண்ணில் குடியேற்ற வேண்டும் என்று ஒரு மசோதாவுக்காகப் போராடினார். 1921இல் அது சட்டமானது. சுமார் 2,00,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. வருடத்துக்கு ஒரு டாலர் வாடகை, 99 வருடக் குத்தகை.

ஆனால் சர்க்கரைக் கம்பெனிகள் சும்மா விடவில்லை. கரும்பு விளைந்த நல்ல நிலமெல்லாம் பட்டியலிலிருந்து கழிந்தது. கம்பெனிகள் 1,000 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றிருந்த பழைய தடையும் இதே சட்டத்தில் நீங்கியது. மக்களுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி தண்ணீரில்லாத வறண்ட பூமி. யாருக்கு நிலம் என்பதிலும் இழுபறி. முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஹவாய் ரத்தம் இருந்தால் போதும் என்றார் கூஹியோ. முழு ஹவாயருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றது எதிர்த்தரப்பு. அது நடந்திருந்தால் சில தலைமுறையில் நிலம் கேட்க ஆளே இருந்திருக்காது. கடைசியில் பாதி ரத்தம் என்று முடிந்தது. இன்றும் 28,000 பேருக்கு மேல் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள். பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள். இந்தச் சமரசத்தின் வலியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்தச் சபையில் இதைவிட அதிகம் யாரால் வாங்கியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. மொலோகாய் தீவில் முதலில் உருவான குடியேற்றத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அவர்மீது எனக்கு உண்மையான வருத்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. லிலியுவோகலானி தன் சொத்தை ஹவாயின் அனாதைக் குழந்தைகளுக்கென்று 1909இல் அறக்கட்டளையாக எழுதிவைத்தார். 1915இல் கூஹியோ அதை எதிர்த்து வழக்குப் போட்டார், ராணிக்கு அப்போது மனத்தெளிவு இல்லை என்று சொல்லி! யாருக்காகச் சிறைக்குப் போனாரோ அவரையே, முதுமையில், கோர்ட்டில் இப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. துரோகம் என்ற சொல்லை எங்காவது வைத்தே ஆகவேண்டும் என்றால் இங்கே வையுங்கள். நல்லவேளை, வழக்கு நிற்கவில்லை. அறக்கட்டளை இன்றும் குழந்தைகளுக்காக இயங்குகிறது.

வாரிசுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூஹியோ 1922 ஜனவரி 7 அன்று வைகிகியில் இறந்தார். அவருக்கும் கஹானுவுக்கும் பிள்ளைகள் இல்லை. 1908இலேயே இறந்துவிட்ட அண்ணன் டேவிட்டுக்கு மூன்று பிள்ளைகள். அந்த வழிதான் இன்றும் தொடர்கிறது.