நாய்க்கு என்சைம் பொடி கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது. சோறும் கோழியும் வைத்தவுடன் தட்டைக் காலி செய்கிறது, ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மலம் போகிறது. கடையில் செரிமான என்சைம் பொடி கொடுக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பரிசோதனை.

ஆரோக்கியமான நாய்க்கு வெளியிலிருந்து என்சைம் தேவையே இல்லை. நாயின் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் அநேகமாகக் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அதன் கணையம் அமைலேஸைத் தாராளமாகச் சுரக்கிறது. குழைய வெந்த சோறு நன்றாகவே செரிக்கும்.

உங்கள் நாயின் விஷயம் வேறு. நிறையத் தின்றும் மெலிகிறது என்றால் கணையச் சுரப்புக் குறைபாடாக, அதாவது கணையம் போதுமான செரிமான என்சைம் சுரக்காத நோயாக, இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இது இளம் வயதிலேயே வருவதுண்டு. சுரக்கும் திறனில் சுமார் 90 சதவீதம் போன பிறகுதான் அறிகுறியே தெரியும். மலத்தைக் கவனியுங்கள்: வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, குவியல் குவியலாக இருக்கிறதா? சில நாய்கள் தன் மலத்தையே தின்னும். தயவுசெய்து அதற்காக அடிக்காதீர்கள், அது பசி.

குடற்புழு இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் டி.எல்.ஐ. ரத்தப் பரிசோதனை கேளுங்கள்; கணையத்திலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிரிப்சின் என்ற என்சைமின் அளவை அது காட்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் நோய் உறுதி. அதே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் என்சைம் மட்டும் கொடுத்து எடை ஏறாது.

நோய் உறுதியானால் ஆயுள் முழுக்க என்சைம் வேண்டும். அதுவும் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த பொடி. பப்பாளி, அன்னாசி என்சைம்கள் புரதத்தை மட்டுமே உடைக்கும், கொழுப்பைத் தொடாது. கடைப் பொடி வாங்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவை ஒவ்வொரு வேளையும் ஆறிய சாப்பாட்டில், கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். சூட்டில் என்சைம் செத்துவிடும். அப்புறம், வாயில் புண்ணோ ரத்தமோ தெரிந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பொடி கொடுக்கத் தொடங்கியிருந்தாலும் பயம் வேண்டாம், டி.எல்.ஐ. முடிவை அது மாற்றாது.