திரை இருண்டும் விசிறி நிற்கவில்லையா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. தோட்டத்தின் கூலிக் கணக்கு முழுவதும் விண்டோஸ் 11 உள்ள மேசைக் கணினியில் இருக்கிறது. சில மாதங்களாக ‘ஷட் டவுன்’ கொடுத்தால் திரை இருண்டுவிடுகிறது. உள்ளே விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. இடி கேட்டால் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக, இன்றே கூலிக் கணக்கை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். இடிக்கு நீங்கள் பயப்படுவது நியாயம். ஆனால் கணினியின் வட்டில் (ஹார்டு டிஸ்கில்) ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சிதையக்கூடும். ஆள்காரர்களின் கூலி அதில் இருக்கிறது, மற்றதெல்லாம் பிறகுதான்.

என் சந்தேகம் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ மேல். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி அது. அது இயங்கும் கணினி, ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக மூடிக்கொள்வதில்லை. நீங்கள் திறந்த நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் அடிப்படைப் பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைக்கும். மறுநாள் அதைப் படித்துச் சட்டென்று எழும். எழுதி முடித்து அணையும் அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒரு டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்) முரண்டு பிடித்தால், திரை அணைந்தும் விசிறி நிற்காது.

சோதிப்பது எளிது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அந்த ஒரு முறை முழுமையாக மூடும். விசிறி நின்றதா? காரணம் அகப்பட்டது. கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்பைத் திறங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வரி மங்கலாகத் தெரிந்தால், மேலேயுள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று தொடங்கும் வரியைச் சொடுக்கினால் தெளியும். டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். காலையில் கணினி எழச் சில நொடிகள் கூடும். அதற்காக வருந்த வேண்டாம்.

ஷிஃப்டுக்கும் மசியவில்லை என்றால் பிரிண்டர், வெளி ஹார்டு டிஸ்க் போன்றவற்றைக் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள். அதன் பிறகும் அதே கதை என்றால், மதர்போர்டு (கணினியின் முதன்மைப் பலகை) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, அந்தப் பலகையின் சில்லுகளை இயக்கும் சிப்செட் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். கணினி எழும்போது முதலில் இயங்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பது கடைசி. அதையும் சேலத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே முடங்கக்கூடும்.

இவை சரியாகும்வரை இடிக்கு என்ன வழி? வானம் கறுக்கத் தொடங்கும்போதே கணினியை மூடுங்கள். வட்டின் விளக்கு மினுக்குவது நின்றும் விசிறி ஓடினால், பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். அதன் பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். இணைய கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அதன் வழியாகவும் வரும். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் எந்த வயரையும் தொடாதீர்கள்.