இரவில் படுத்தாலே படபடப்பாக இருக்கிறது. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

உதவும், எனக்கு உதவியது. ஆனால் இரண்டு நாள் செய்துவிட்டு “ஒன்றும் நடக்கவில்லை” என்று விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். அவர்களில் பலர் தசையை இறுக்குவதுதான் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் கதை பல்லில் தொடங்கியது. கணக்குப் பிரிவில் வேலை, மார்ச் மாதம் முழுக்கத் தூக்கம் கிடையாது, காலையில் எழுந்தால் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கும். பல் மருத்துவர் பார்த்துவிட்டு, “தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்கம்மா, ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு” என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே என் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருந்தன, தோள்கள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறியிருந்தன. எத்தனை மாதமாக இப்படி இருக்கிறேனோ, எனக்கே தெரியாது.

இந்தத் ‘தெரியாது’ என்பதைத்தான் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேகப்சன் பிடித்துக்கொண்டார். அசையாமல் படுத்திருப்பவரின் தசையில்கூட இறுக்கம் மிச்சமிருக்கிறது என்பதை அவர் தசைகளில் எழும் நுண்ணிய மின்சாரத்தை அளந்து காட்டினார், 1929-ல் தன் முறையைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அவருடைய மூல முறையைக் கற்கப் பல மாதங்கள் ஆகும். இன்று நாம் செய்வது பின்னால் வந்தவர்கள் சுருக்கிய வடிவம்.

சரி, எப்படிச் செய்வது? வலது கையை முஷ்டியாக மூடி, முழு பலமும் வேண்டாம், முக்கால்வாசி போதும், ஐந்திலிருந்து ஏழு விநாடி இறுக்குங்கள். அப்புறம் சட்டென்று விடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, பிடித்திருந்த கயிறு கைநழுவினது மாதிரி. இனி வருவதுதான் பயிற்சி. குறைந்தது அரை நிமிடம் அந்தக் கையிலேயே கவனத்தை வையுங்கள்: உள்ளங்கையில் சூடு பரவுகிறதா, விரல்கள் கனக்கின்றனவா, இடது கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் முதல் வாரம் இந்த அரை நிமிடத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விட்டேன், அதனால் உடற்பயிற்சி செய்த அலுப்புதான் மிஞ்சியது. இதே மாதிரி மேல்கை, நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று போகலாம். எல்லாம் சேர்த்து 15 முதல் 20 நிமிடம். மூச்சை அடக்க வேண்டாம். கெண்டைக்காலையும் பாதத்தையும் மென்மையாக இறுக்குங்கள், இல்லையென்றால் தசை பிடித்துக்கொள்ளும். அடிபட்ட இடத்தையும் அறுவை சிகிச்சை செய்த இடத்தையும் விட்டுவிடுங்கள், ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது முதல்முறையாக இதை முயற்சி செய்யாதீர்கள். நீச்சலை வெள்ளத்தில் இறங்கியா கற்பார்கள்? மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் சாயங்காலத்தில், இரண்டு மூன்று வாரம் தினமும் செய்யுங்கள். பழகிய பிறகு இறுக்கவே தேவையில்லை, தளர்ந்த கை எப்படி இருந்தது என்று நினைத்தாலே கை தளரும். சிலருக்கு மட்டும் உடம்பு தளரும்போது பதற்றம் கூடும், என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, கைகளை மட்டும் செய்து பழகினாள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை என்றால் இதை மட்டும் நம்பியிருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இந்தியா முழுவதும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

எனக்கு இப்போதும் மார்ச் மாதம் பல் அழுந்தத்தான் செய்கிறது. ஆனால் காலை வலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, கணினியில் கணக்கைத் திறக்கும்போதே தெரிந்துவிடுகிறது, அங்கேயே தாடையை விட்டுவிடுகிறேன்.