அடைத்த தெருவுக்கே செயலி வழிகாட்டுவது ஏன்?

வணக்கம். மெட்ரோ பணிக்காக உங்கள் தெரு அடைக்கப்பட்டதை மூன்று முறை தெரிவித்தும், வழிகாட்டிச் செயலி வண்டிகளை அங்கேயே அனுப்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆம்புலன்ஸும் அப்படி வந்து திரும்பியது என்பதைப் படித்ததும் மனம் பதறியது.

தகரத் தடுப்புக்கும் மதில் சுவருக்கும் நடுவே இரு சக்கர வண்டிகள் நுழைந்து போவதாகச் சொல்கிறீர்கள். அந்தக் கைபேசிகள் அனுப்பும் இருப்பிடத் தகவலே சாலை திறந்திருப்பதாகச் செயலியை எண்ண வைக்கலாம். ஆகவே, கார் நுழைய இடமில்லை என்பதைக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். இன்னொன்று, தடுப்பைக் கண்டு பக்கத்துத் தெருவில் திரும்பிய பிறகு, செயலியில் அடைப்பைத் தெரிவிக்கும் பொத்தானை அழுத்தினால், தகவல் அந்தத் தெருவின் மேல் பதிவாகிவிடக்கூடும்.

கூகுள் மேப்ஸாக இருந்தால், ஓட்டும்போது அவசரமாக அழுத்துவதைவிட, வீட்டில் அமர்ந்து வரைபடத்தைத் திருத்தும் பகுதிக்குச் சென்று, எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, எந்தத் திசையில் அடைப்பு என்று குறிப்பதே மேல். அக்கம்பக்கத்தார் இருவரையும் தனித்தனியே தெரிவிக்கச் சொல்லுங்கள். போக்குவரத்துக் காவல்துறையின் பலகையில் முடிவுத் தேதி இருந்தால் அதையும் தவறாமல் சேருங்கள். இல்லையேல் தெரு திறந்த பின்னும் வரைபடத்தில் அது மூடியே கிடக்கலாம்.