இந்தியா போய் வந்தவருக்குக் காய்ச்சலே இல்லாதபோது மொரீஷியஸில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

பழனி, ராமேஸ்வரம் யாத்திரை முடித்து ரோஸ் ஹில் திரும்பிய அம்மாவின் விரலில் சுகாதார ஆய்வாளர் குத்தி ரத்தம் எடுத்துப் போனார், காய்ச்சல் இல்லாதவருக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அது மலேரியாவுக்கான சோதனை. தயவுசெய்து மறுக்காதீர்கள்.

நம் தீவில் மலேரியா ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 1973இல் சான்று கொடுத்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் அடித்தது. நோய் திரும்பி வந்தது. மறுபடி விரட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம் எளிது. மருந்தடித்ததில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுக்களில் ஒரு வகை அழிந்தது, அரேபியென்சிஸ் என்ற இன்னொன்று தப்பித்து இன்றும் இங்கே இருக்கிறது. கொசு இருக்கிறது, கிருமி மட்டும் இல்லை. அந்தக் கிருமி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவரின் ரத்தத்தில்தான் வரும்.

கொசு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குள் போய்விடும். ஏறக்குறைய ஒரு வாரம் ரத்தத்தில் தெரியாது. தமிழ்நாட்டில் அதிகம் காணும் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி வகை ஈரலிலேயே மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு எழும். ஆகவே ஊர் திரும்பிய மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லையென்றால் அத்தோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஆறு மாதம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் முதல் வாக்கியமே "இந்தியா போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். சாதாரண ஃப்ளூ என்று மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவதுதான் ஆபத்து.

ரத்தம் எடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. ஸ்பிரிட் தடவிய விரல் நன்றாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும், ஈரம் கலந்தால் ரத்த அணுக்கள் கெடும். முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். கண்ணாடிச் சில்லில் இரண்டு மூன்று துளிகளைச் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அகல வட்டமாகத் தடவுவது தடித்த பூச்சு. அதற்கடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். கிருமி இருக்கிறதா என்று தேட இது. பக்கத்தில் ஒரு துளியை மட்டும் மெல்லிசாக இழுப்பது எந்த வகை என்று பார்க்க. மெல்லிய பூச்சை மட்டுமே மெத்தனாலில் நனைப்பார்கள்; அது தடித்ததில் பட்டுவிட்டால் சிவப்பணு கரையாது, கிருமி மறைந்துபோகும். நம் ஊர் ஈர வெயிலில் சில்லைச் சும்மா வைத்தாலும் இதே கதிதான், எறும்பும் ஈயும் வேறு தின்றுவிடும்.

இவ்வளவு உழைப்பும் வீணாவது பெரும்பாலும் ஒரு சின்ன விஷயத்தால். விமான நிலையத்தில் கொடுத்த முகவரி தவறாக இருந்தால் யாரைத் தேடிப் போவது? அம்மா உங்கள் வீட்டில் தங்காமல் அக்கா வீட்டில் தங்கினால் அக்கா வீட்டு முகவரியையே எழுதுங்கள், எடுக்கும் கைப்பேசி எண்ணோடு.

வைவாக்ஸ் உறுதியானால் ரத்தத்தில் உள்ளதைக் கொல்ல ஒரு மருந்து, ஈரலில் உறங்குவதைக் கொல்லப் பிரிமாகுயின், வழக்கமாக 14 நாள். அதற்கு முன், சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்ற சோதனை அவசியம். அந்தக் குறைபாடு உள்ளவருக்கு இம்மருந்து ரத்த அணுக்களை உடைக்கும். மூன்றாம் நாளே உடம்பு தேறிவிடும், ஆனாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மழைக்குப் பின் மொட்டை மாடியில் தேங்கும் நீரையும் தள்ளிவிடுங்கள். அரேபியென்சிஸ் முட்டையிட அந்த ஆழமில்லாத, வெயில் படும் குட்டையே போதும்.